மாநிலங்களில் எந்தக் கட்சியின் கை ஓங்கியிருக்கிறது? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏதாவது ஒரு மாநிலத்தில் வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்று மாலை எல்லாச் சேனல்களிலும் ஒரே படம்தான். இந்திய வரைபடம், அதில் கட்சிக்கு ஒரு நிறம், ஓரத்தில் பெரிய எழுத்தில் 'இத்தனை மாநிலங்கள் இவர்கள் வசம்'. பார்த்த மாத்திரத்தில் புரிவதுபோல் இருக்கும். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று யோசித்தால் கையில் ஒன்றும் நிற்காது. மக்களவைக்கு 80 பேரை அனுப்பும் உத்தரப் பிரதேசமும் ஒன்று, ஒருவரை அனுப்பும் சிக்கிமும் ஒன்று.

அசாமை விட்டுவிட்டு வடகிழக்கில் மிச்சமிருக்கும் ஏழு மாநிலங்களின் மக்களவைத் தொகுதிகளைக் கூட்டிப் பாருங்கள்: 11. கோவாவின் 2, இமாச்சலின் 4 இரண்டையும் சேர்த்தால் 17. தெலங்கானாவுக்கு மட்டும் 17. வரைபடத்தில் ஒன்பது மாநிலங்கள் ஒரே நிறத்தில் தெரிந்தாலும் அவற்றின் மொத்த எடை ஒரு தெலங்கானாதான்.

அதற்காக 'சின்ன மாநிலங்களைக் கணக்கில் எடுக்காதே' என்றும் சொல்ல முடியாது. நம் அரசியல் சட்டம் சில இடங்களில் சிக்கிமையும் உத்தரப் பிரதேசத்தையும் சரிசமமாக உட்கார வைக்கிறது, சில இடங்களில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். எந்த விஷயத்துக்கு எந்தத் தராசு என்று தெரிந்துகொண்டால் போதும், சேனல் படம் தேவைப்படாது. ஒரு எக்செல் தாளோ பழைய நோட்டுப் புத்தகமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பட்டியலைச் சரியாகப் போடுங்கள்

28 மாநிலங்கள். அவற்றோடு சட்டமன்றம் உள்ள மூன்று யூனியன் பிரதேசங்கள்: டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர். ஆக 31 வரிசை. சண்டிகர், லடாக், அந்தமான், லட்சத்தீவு, தாத்ரா–டாமன் டையூ ஆகியவற்றுக்குச் சட்டமன்றம் கிடையாது, அவை வேண்டாம்.

நெடுவரிசைகள் இவை: மொத்த இடங்கள், பெரும்பான்மைக்குத் தேவையானது, முதல்வரின் கட்சி, அந்தக் கட்சிக்கு மட்டும் உள்ள இடங்கள், கூட்டாளிகளின் இடங்கள், மக்களவைத் தொகுதிகள், மாநிலங்களவை இடங்கள், அடுத்த தேர்தல் ஆண்டு. சட்டமன்றத்துக்கு இரண்டாவது அவையான மேலவை உண்டா இல்லையா என்று ஒரு நெடுவரிசை போட்டால் ஆறு இடங்களில் மட்டும் 'உண்டு' வரும்: ஆந்திரா, பீகார், கர்நாடகா, மகாராஷ்டிரா, தெலங்கானா, உத்தரப் பிரதேசம். தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பரோடு முடிந்துபோன கதை.

பெரும்பான்மை என்பது பாதிக்கு மேல் ஒன்று. தமிழ்நாட்டின் 234க்கு 118, பீகாரின் 243க்கு 122, உத்தரப் பிரதேசத்தின் 403க்கு 202. ஆனால் இந்த எண் அவையில் உண்மையாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நகரும். 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். மற்ற இடமெல்லாம் நிரம்பியிருந்தாலும் அவை 216 பேர்தான், தேவை 109தான். 118 இல்லாமலே ஓர் அரசு பாதுகாப்பாக உட்கார்ந்திருக்க முடிந்தது. எனவே 'மொத்த இடங்கள்' பக்கத்தில் 'இப்போது இருப்பவர்கள்' என்று ஒரு சின்னக் கட்டம் போட்டுவிடுங்கள். நான் முதலில் போட்ட தாளில் இந்தக் கட்டம் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2020ல் நடந்தது எனக்குக் கணக்கில் இடிக்க, அப்புறம்தான் சேர்த்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

படி 2: ஒரு மாநிலத்துக்கு ஒரே நிறம் அடிக்காதீர்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் தடுக்கி விழுவது. 'ஆட்சியில் இருக்கும் கட்சி' என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள் குறைந்தது நான்கு விதமான நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன.

தனிப் பெரும்பான்மை என்றால் பிரச்சினை இல்லை. ஆந்திராவில் 2024ல் 175க்கு தெலுங்கு தேசம் மட்டுமே 135. ஜன சேனா 21, பா.ஜ.க. 8 கூடவே இருந்தாலும் முதல்வர் சந்திரபாபு நாயுடுவுக்கு அவர்கள் ஆட்சியைக் காப்பாற்றத் தேவையில்லை.

இரண்டாவது, வெளியிலிருந்து ஆதரவு. 2006ல் தமிழ்நாட்டில் தி.மு.க. வென்றது 96 இடங்கள்தான். ஆனால் அமைச்சரவை முழுக்க தி.மு.க.வுடையது. காங்கிரஸின் 34, பா.ம.க.வின் 18, இரண்டு கம்யூனிஸ்டுகளின் 15 எல்லாம் வெளியே நின்று தாங்கிப் பிடித்தன. எதிர்க்கட்சி அதை 'மைனாரிட்டி அரசு' என்று ஐந்து வருடமும் சொல்லிக்கொண்டே இருந்தது நினைவிருக்கும். அந்த வசைக்குப் பின்னால் இருந்தது நம் தாளின் நான்காவது நெடுவரிசை.

மூன்றாவது, சின்னக் கூட்டாளியிடம் முதல்வர் நாற்காலி. 2020 பீகாரில் பா.ஜ.க.வுக்கு 74, ஐக்கிய ஜனதா தளத்துக்கு 43. முதல்வர் ஆனவர் 43 வைத்திருந்த நிதிஷ் குமார். அவரே 2022 ஆகஸ்டில் ராஷ்ட்ரிய ஜனதா தளத்தின் பக்கம் போனார், 2024 ஜனவரியில் திரும்பி வந்தார். முதல்வர் மாறவில்லை, தேர்தல் நடக்கவில்லை, ஆனால் மாநிலம் இரண்டு முறை அணி மாறியது. முதல்வர் பெயரை மட்டும் குறித்துவைத்திருப்பவர் தாளில் ஒன்றுமே நடந்திருக்காது.

நான்காவது, பெயரளவுக் கூட்டாளி. மேகாலயாவில் 2023ல் 60 இடங்களில் தேசிய மக்கள் கட்சிக்கு 26, பா.ஜ.க.வுக்கு 2. இருந்தும் அகில இந்திய வரைபடத்தில் அது 'தேசிய ஜனநாயகக் கூட்டணி மாநிலம்'. மகாராஷ்டிராவும் அதே கூட்டணி மாநிலம்தான், ஆனால் அங்கே 288ல் பா.ஜ.க.வுக்கு மட்டும் 132. இரண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காவி அடிப்பது எப்படிச் சரியாகும்?

நான் செய்வது இது: கட்டத்தின் உள்ளே முதல்வர் கட்சியின் நிறம், விளிம்பில் தேசிய அரசியலில் அது எந்த அணியோ அந்த நிறம். பார்த்தவுடன் வித்தியாசம் தெரிந்துவிடும்.

படி 3: ஒரு தேதியை நிறுத்தி எடை போடுங்கள்

தேதி இல்லாத பட்டியல் குப்பை. உதாரணத்துக்கு நான் 2025 டிசம்பர் இறுதியை எடுத்துக்கொள்கிறேன். அன்று பீகார் தேர்தல் முடிந்திருந்தது, தமிழ்நாடு, கேரளா, மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரி 2026ல் தேர்தலுக்குக் காத்திருந்தன, மணிப்பூரில் அந்த ஆண்டு பிப்ரவரி முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி இருந்தது.

31 சட்டமன்றங்களில் பா.ஜ.க. முதல்வர்கள் 14 பேர், டெல்லியையும் சேர்த்து. அதன் கூட்டாளிகள் முதல்வராக இருப்பவை 6: பீகார், ஆந்திரா, மேகாலயா, நாகாலாந்து, சிக்கிம், புதுச்சேரி. காங்கிரஸ் முதல்வர்கள் 3: கர்நாடகா, தெலங்கானா, இமாச்சல். இந்த இரண்டு பக்கமும் சேராத மற்ற கட்சிகளின் முதல்வர்கள் 7: தமிழ்நாடு, கேரளா, மேற்கு வங்கம், பஞ்சாப், ஜார்க்கண்ட், ஜம்மு காஷ்மீர், மிசோரம். இவர்களில் சிலர் காங்கிரஸோடு கூட்டணி, சிலர் காங்கிரஸுக்கு நேர் எதிரி, அதனால்தான் தனி வரிசை. மணிப்பூர் ஒன்று. கூட்டினால் 31.

இப்போது அதே பட்டியலை மக்களவைத் தொகுதிகளால் எடை போடுவோம். மக்கள்தொகைக்கு ஓரளவு நெருங்கி வரும் எடைக்கல் அதுதான். பா.ஜ.க. முதல்வர்கள் ஆளும் பகுதிகளில் 282 தொகுதிகள். கூட்டாளிகளிடம் 70. காங்கிரஸிடம் 49. மற்றவர்களிடம் 134. மணிப்பூர் 2, சட்டமன்றமில்லாத யூனியன் பிரதேசங்கள் 6. மொத்தம் 543, சரியாக ஒட்டுகிறது.

(2014ல் பா.ஜ.க. மக்களவையில் வென்றதும் இதே 282. தற்செயல். இங்கே 282 என்பது அந்த மாநிலங்களில் உள்ள தொகுதிகள், பா.ஜ.க. எம்.பி.க்கள் அல்ல. 2024ல் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 240.)

தலை எண்ணிக்கையில் பா.ஜ.க. 31க்கு 14, அதாவது பாதிக்கும் கீழே. எடையில் பாதிக்கு மேலே. காங்கிரஸ் தலை எண்ணிக்கையிலும் எடையிலும் பத்தில் ஒன்றைச் சுற்றியே நிற்கிறது. கவனிக்கவேண்டியது அந்த 134. நாட்டின் கிட்டத்தட்ட கால்பங்கு தொகுதிகள் இரண்டு பெரிய தேசியக் கட்சிகளின் முதல்வர்களும் இல்லாத, பா.ஜ.க. அணியிலும் சேராத மாநிலங்களில் இருந்தன. 'காவியா, கையா' என்று இரண்டே நிறத்தில் வரைபடம் போடுகிறவர்களுக்கு இந்தக் கால்பங்கு ஒரு தலைவலி, எனவே சாம்பல் நிறம் பூசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

படி 4: எந்த வேலைக்கு எந்தத் தராசு

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் மாநிலங்களவை. 245 பேரில் 12 பேர் நியமன உறுப்பினர்கள், மிச்சம் 233 பேரும் எம்.எல்.ஏ.க்களின் வாக்கால் வருபவர்கள். உத்தரப் பிரதேசத்துக்கு 31, மகாராஷ்டிராவுக்கு 19, நமக்கு 18, சிக்கிமுக்கு 1. ஒருவர் வெல்ல எத்தனை எம்.எல்.ஏ. வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: மொத்த எம்.எல்.ஏ.க்களை, காலியாகும் இடங்களோடு ஒன்று கூட்டி வந்த எண்ணால் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டு ஒன்று கூட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் வழக்கமாக ஒரு சுற்றுக்கு ஆறு இடம் காலியாகும். 234ஐ 7ஆல் வகுத்தால் 33.4, ஆக 34 பேர் தேவை. 2021 அவையை வைத்துப் போட்டுப் பாருங்கள். உதயசூரியன் சின்னத்தில் வென்றவர்கள் 133. மூன்று பேருக்கு 102 போதும், நான்காவது ஆளுக்கு 136 வேண்டும், மூன்று குறைகிறது. கூட்டணியாக 159 இருக்கும்போது நான்கு பேரும் எளிதாக வருவார்கள். எதிரணியின் 75க்கு இரண்டு பேர். 2022லும் 2025லும் அப்படியே 4–2 என்றுதான் போட்டியின்றி முடிந்தது. நான்கில் ஒன்றை முன்னதில் காங்கிரஸுக்கும் பின்னதில் மக்கள் நீதி மய்யத்துக்கும் தி.மு.க. விட்டுக்கொடுத்தது. பெருந்தன்மைக்குப் பின்னால் அந்த மூன்று ஓட்டுக் குறைவும் இருந்தது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

கணக்கு எப்போதும் இப்படிச் சுமுகமாக முடியாது. 2024 பிப்ரவரி, இமாச்சல். 68 பேர் அவையில் காங்கிரஸுக்கு 40, பா.ஜ.க.வுக்கு 25, சுயேச்சைகள் 3. ஒரே இடம், 35 போதும். காங்கிரஸ் வேட்பாளர் அபிஷேக் மனு சிங்விக்கு வெற்றி உறுதி என்றுதான் எவரும் எழுதியிருப்பார்கள். ஆறு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் மாறி வாக்களித்தார்கள், சுயேச்சைகள் மூவரும் அந்தப் பக்கம் போனார்கள். 34க்கு 34. குலுக்கல் போட்டார்கள், பா.ஜ.க.வின் ஹர்ஷ் மகாஜன் வென்றார். மாநிலங்களவைத் தேர்தலில் மாறி வாக்களித்ததற்காக மட்டும் கட்சித் தாவல் சட்டத்தில் பதவி பறிபோகாது. அந்த ஆறு பேரின் பதவி பின்னர் போனது பட்ஜெட் வாக்கெடுப்பில் கொறடா உத்தரவை மீறியதற்காக. ஆகவே தாளில் 40 என்று எழுதினாலும், மாநிலங்களவைத் தேர்தல் நாளில் அது 34 ஆகலாம்.

இரண்டாவது தராசு, குடியரசுத் தலைவர் தேர்தல். இங்கே ஒவ்வொரு எம்.எல்.ஏ. வாக்குக்கும் மதிப்பு உண்டு, அதுவும் 1971 மக்கள்தொகையின்படி. மாநிலத்தின் அன்றைய மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம், 234ஆல் வகுத்து ஆயிரத்தால் வகுத்தால் 176. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம் எம்.எல்.ஏ.வுக்கு 7. சட்டமன்றம் முழுவதற்கும் பெருக்கினால் உத்தரப் பிரதேசம் 83,824, தமிழ்நாடு 41,184, சிக்கிம் 224. லக்னோவில் ஆட்சி மாறினால் குடியரசுத் தலைவர் தேர்தல் கணக்கு குலுங்கும், காங்டாக்கில் மாறினால் ஒரு தூசு. 1971ஐ ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்காகவே எடை இழக்கக் கூடாது என்று. தொகுதி மறுவரையறை பற்றி தென்மாநிலங்கள் இன்று எழுப்பும் பயமும் இதே வேரில் முளைத்ததுதான்.

மூன்றாவது, அரசியல் சட்டத் திருத்தம். நீதித்துறை, மத்திய–மாநில அதிகாரப் பட்டியல், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் போன்றவற்றைத் தொட்டால், நாடாளுமன்றம் நிறைவேற்றியது போதாது. மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதி ஒப்புதல் தர வேண்டும் என்கிறது 368வது பிரிவு. மாநிலங்களுக்கு மட்டுமே இந்த உரிமை, டெல்லிக்கும் புதுச்சேரிக்கும் இல்லை. 28ல் 14. இங்கே சிக்கிமும் உத்தரப் பிரதேசமும் ஒன்றுக்கு ஒன்று. 2016ல் ஜி.எஸ்.டி. திருத்தத்துக்கு முதலில் ஒப்புதல் தந்தது அசாம். இந்தத் தராசு வரும்போது மட்டும் சேனல் வரைபடத்தின் தலை எண்ணிக்கை உபயோகப்படும், அதிலும் யூனியன் பிரதேசங்களைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: ஜி.எஸ்.டி. கவுன்சில். மொத்த வாக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கை 31 பேரும் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள், ஆளுக்கு சுமார் 2.15 சதவீதம். எந்த முடிவுக்கும் வாக்களிப்போர் எடையில் முக்கால் பங்கு வேண்டும். இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது. மத்திய அரசு 'வேண்டாம்' என்றால் மற்ற 31 அரசுகளும் ஒன்று சேர்ந்தாலும் 66.7தான், நடக்காது. மத்திய அரசு விரும்பினாலும் மாநிலங்கள் இல்லாமல் நடக்காது. அதன் முடிவைத் தடுக்க, எல்லோரும் வந்து வாக்களித்தால், 12 மாநிலங்கள் எதிர்க்க வேண்டும். 11 பேர் எதிர்த்தால் 23.7 சதவீதம், போதாது. 12 பேர் என்றால் 25.8, தடுத்துவிடலாம்.

படி 3ல் போட்ட பட்டியலைப் பாருங்கள். 2025 இறுதியில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு வெளியே உள்ள அரசுகள் 3 கூட்டல் 7, அதாவது 10. தடுக்க இரண்டு குறைவு. மக்களவைத் தொகுதி எடையில் அந்தப் பத்தும் சேர்ந்தால் 183, மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இந்த மேசையில் அந்தக் கனத்துக்கு மரியாதை கிடையாது. மிசோரம், மேகாலயா மாதிரி ஒரு சின்ன மாநிலத்தில் ஆட்சி மாறினால் அகில இந்திய ஊடகம் இரண்டு வரி எழுதும், ஜி.எஸ்.டி. மேசையிலோ அது மேற்கு வங்கத்துக்குச் சமம். நடைமுறையில் கவுன்சில் பெரும்பாலும் ஒருமித்தே முடிவெடுக்கிறது, முதல் முறையாக வாக்கெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரி வரி விகிதத்துக்காக. ஆனால் தோற்கப்போகும் எண்ணிக்கையோடு மேசைக்கு வருபவர் வாக்கெடுப்பு கேட்பதே குறைவுதான்.

படி 5: ஆட்சி இருந்தும் அதிகாரம் எவ்வளவு

முதல்வர் நாற்காலி கிடைத்தால் எல்லாம் கிடைத்ததாகாது. டெல்லியில் காவல்துறையும் நிலமும் மத்திய அரசிடம். 2015ல் 70க்கு 67 வென்ற ஆம் ஆத்மி கட்சி ஒரு காவலரைக்கூட இடமாற்ற முடியாமல்தான் ஆண்டது. ஜம்மு காஷ்மீரிலும் காவல்துறை அப்படியே. எனவே இந்த இரண்டுக்கும் தாளில் ஒரு நட்சத்திரக் குறி.

மேலவை உள்ள மாநிலங்களில் இன்னொரு சிக்கல். ஆந்திராவில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 2019ல் அசுர பலத்தோடு வந்தது, ஆனால் மேலவையில் தெலுங்கு தேசம் பெரும்பான்மை. மூன்று தலைநகர் மசோதா அங்கே மாட்டிக்கொண்டது. கோபத்தில் மேலவையையே கலைக்கச் சொல்லி 2020 ஜனவரியில் தீர்மானம் போட்டார்கள். காலப்போக்கில் மேலவையிலும் எண்ணிக்கை கூடியது, 2021 நவம்பரில் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மேலவையால் சாதாரண மசோதாவைச் சில மாதங்கள் தாமதிக்கத்தான் முடியும், அதற்கே அவ்வளவு ஆத்திரம்.

அப்புறம் ஆளுநர். மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் எதிர்க்கட்சி என்றால் மசோதாக்கள் ஆளுநர் மாளிகையில் தூங்குவது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்பதும் கிடையாது, ஆனால் காலவரையின்றிக் கிடப்பில் போடவும் கூடாது என்றது. ஆக, மத்தியில் ஆளும் அணியே ஆளும் மாநிலமும் எதிரணி ஆளும் மாநிலமும் தாளில் ஒரே அகலக் கட்டமாக இருந்தாலும், சட்டம் இயற்றும் வேகத்தில் சமமல்ல.

மாநில அரசைக் கலைக்க வழிதரும் 356வது பிரிவு பற்றி நீட்ட வேண்டாம். 1959ல் கேரளாவில் நம்பூதிரிபாட் அரசு, 1976ல் தி.மு.க. அரசு, 1980ல் எம்.ஜி.ஆர். அரசு, 1991ல் மறுபடி தி.மு.க. என்று கலைப்புகள் சர்வசாதாரணமாக நடந்த காலம் இருந்தது. 1977ல் ஜனதா அரசு ஒன்பது சட்டமன்றங்களைக் கலைத்தது, 1980ல் இந்திரா பதிலுக்கு ஒன்பதைக் கலைத்தார். 1994 பொம்மை வழக்குத் தீர்ப்பு, பெரும்பான்மையை அவையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொன்னபின் அந்த வழி குறுகிவிட்டது. பிறகு திறந்தது வேறு வழி.

படி 6: தேர்தல் இல்லாமல் நிறம் மாறும் வழிகள்

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985ல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் பரவாயில்லை என்ற சலுகையை 2003 திருத்தம் எடுத்துவிட்டது. மிஞ்சியிருப்பது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேறு கட்சியோடு 'இணைவது'. இந்த ஒரு பின்னத்தை மனதில் வைத்துக்கொண்டு செய்திகளைப் படியுங்கள். கோவா, 2019: காங்கிரஸின் 15 பேரில் 10 பேர் பா.ஜ.க.வுக்கு. கோவா, 2022: 11 பேரில் 8 பேர். பதினைந்தில் மூன்றில் இரண்டு சரியாகப் பத்து, பதினொன்றில் 7.33, ஆகவே எட்டு. அரை ஆள் அதிகமில்லை, அரை ஆள் குறைவில்லை. அருணாச்சலில் 2016 இன்னும் அழகு. செப்டம்பரில் காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் 43 பேர், முதல்வர் பெமா காண்டு உட்பட, அருணாச்சல் மக்கள் கட்சிக்குப் போனார்கள். டிசம்பர் 31 அன்று அவர்களில் பெரும்பகுதி பா.ஜ.க.வில். ஒரே முதல்வர், நான்கு மாதத்துக்குள் மூன்று கட்சிகள்.

மூன்றில் இரண்டு தேறாவிட்டால் ராஜினாமா. மத்தியப் பிரதேசம், 2020 மார்ச். 230 இடங்களில் இரண்டு காலி, இருந்தவர்கள் 228. காங்கிரஸ் 114, பா.ஜ.க. 107. காங்கிரஸை விட்டு விலகிய ஜோதிராதித்ய சிந்தியாவுக்குப் பின்னால் போனவர்கள் 22 பேர்தான், மூன்றில் இரண்டின் பக்கத்தில்கூட வரவில்லை. எனவே தாவவில்லை, எம்.எல்.ஏ. பதவியை விட்டார்கள். அவை 206 ஆகச் சுருங்கியது, பெரும்பான்மை 104. பா.ஜ.க.விடம் ஏற்கெனவே 107. ஒரு ஓட்டைக்கூட வாங்காமல், எதிரியின் எண்ணைக் குறைத்தே ஆட்சி மாறியது. 'இப்போது இருப்பவர்கள்' கட்டம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். கர்நாடகாவில் 2019 ஜூலையில் குமாரசாமி 99–105 என்று தோற்றதும் இதே சூத்திரம்தான்.

உங்கள் தாளில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு எண்களைக் கூடுதலாக எழுதிவையுங்கள்: எதிர்க்கட்சியின் மூன்றில் இரண்டு எத்தனை, எத்தனை பேர் ராஜினாமா செய்தால் அரசு கவிழும். இரண்டாவது எண் பத்துக்குள் இருக்கும் மாநிலத்தில் எம்.எல்.ஏ.க்கள் ரிசார்ட்டுக்குப் போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

படி 7: மாநில ஆட்சியை மக்களவை ஓட்டாக மாற்றாதீர்கள்

2018 இறுதியில் ராஜஸ்தானில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2019 மக்களவைத் தேர்தலில் 25க்கு 25ம் பா.ஜ.க. அணிக்கு. டெல்லியில் 2019ல் 7க்கு 7 பா.ஜ.க., அடுத்த பிப்ரவரியில் 70க்கு 62 ஆம் ஆத்மி. நம் ஊரில் 2019 மே மாதம் இன்னும் விநோதம்: மக்களவையில் தி.மு.க. கூட்டணி ஏறக்குறைய மொத்தத்தையும் வாரிக்கொண்டது, அதே நாளில் எண்ணிய 22 இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. 9 வென்று ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. பெரும்பாலான இடங்களில் ஒரே பூத், ஒரே விரல் மை, இரண்டு வேறு முடிவு.

இடங்களின் எண்ணிக்கையும் செல்வாக்கை ஊதிக் காட்டும். டெல்லியில் 2025ல் பா.ஜ.க. 48, ஆம் ஆத்மி 22 என்றால் துடைத்தெறிந்ததுபோல் தோன்றும், வாக்கு வித்தியாசமோ சுமார் 2 சதவீதப் புள்ளிதான். வரைபடத்தில் அழுத்தமான நிறமாக இருக்கும் மாநிலம் உள்ளுக்குள் நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கலாம். எனவே வாக்கு சதவீதத்துக்கும் ஒரு நெடுவரிசை போடுங்கள், தேர்தல் ஆணையத்தின் முடிவுகள் பக்கத்திலேயே கிடைக்கும்.

படி 8: முடிவு வந்த அன்று எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது

ஒரு மாநிலத்தில் ஆட்சி மாறியதும் கை பரபரக்கும், எல்லாக் கட்டத்தையும் திருத்தத் தோன்றும். பொறுங்கள். தராசுகள் ஒரே வேகத்தில் அசைவதில்லை.

முதல்வர் கட்சி, சட்டமன்ற எண்கள், குடியரசுத் தலைவர் தேர்தல் மதிப்பு ஆகியவற்றை அன்றே மாற்றலாம். ஜி.எஸ்.டி. வாக்கு, புதிய அரசு தன் அமைச்சரை அனுப்பும் அடுத்த கூட்டத்திலிருந்து. அணி எது என்பதை இரண்டு வாரம் கழித்து, பதவியேற்பும் நம்பிக்கை வாக்கெடுப்பும் முடிந்தபின். மாநிலங்களவை நெடுவரிசையை மட்டும் தொடாதீர்கள். அது ஆறு வருடப் பதவி. பஞ்சாபில் ஆம் ஆத்மிக்கு 2022ல் ஆட்சிக்கு வந்த மூன்று மாதத்துக்குள் ஏழு இடமும் கிடைத்தது, காரணம் அந்த இடங்கள் அப்போதுதான் காலியாயின. அது அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் 18 பேரும் ஆறு ஆறாக மூன்று சுற்றில் போகிறார்கள்: ஒரு சுற்று 2025 ஜூலையில் முடிந்தது, அடுத்தது 2026 ஏப்ரல் தொடக்கத்தில், தேர்தலுக்குச் சற்று முன்னால் முடிவது, அதை நிரப்பும் உரிமை பழைய அவைக்கு. மிச்சமுள்ள ஆறு பேரின் காலம் 2028 ஜூன் இறுதியில். இடையில் எவரும் விலகினாலொழிய, 2026 மே மாதம் கோட்டைக்கு வரும் எந்தக் கட்சியும் மாநிலங்களவைக்குத் தன் எம்.எல்.ஏ. பலத்தைக் கொண்டுபோக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். தாளில் அந்தக் கட்டத்தின் மேல் பென்சிலால் '2028 ஜூன்' என்று எழுதிவிட்டு மூடிவையுங்கள்.